மடத்துக்கு வந்த மூன்று நாற்காலிகள்

நாகர்கோவிலிலிருந்து டவுன் பஸ் பிடித்து, வயல் தாண்டி, குளம் தாண்டிப் போனால் ஒரு சின்ன மடம் வரும். கோபுரம், தேர், யானை என்று எதையாவது எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். ஓட்டுக் கூரை, நாலு அறை, ஒரு கிணறு, ஒரு பசு, ஒரு கம்ப்யூட்டர். மடம் அவ்வளவுதான்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால்தான் ஏகாம்பரத்தின் இடுப்பு போனது.

ஏகாம்பரம் காஞ்சிபுரத்துக்காரர். சென்னையில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் வீட்டுத் தீ விபத்தையும் கார் விபத்தையும் தட்டச்சு செய்தே பாதி ஆயுளைக் கழித்தவர். மனைவி போன பிறகு வீடு வெறிச்சோடிக் கிடந்தது. அந்தச் சமயத்தில் யாரோ கொடுத்த கேசட்டில் ஆசான் பேசுவதைக் கேட்டார். ஆசான் என்று எல்லோரும் சொன்னது இந்த மடத்தை நிறுவியவரை. பேச்சு முழுக்கக் கேள்வியும் பதிலும்தான். கேட்டு முடித்த வாரமே ஏகாம்பரம் ரயில் ஏறிவிட்டார். வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது, ஆசான் சமாதியாகி வருஷக்கணக்கு ஆகிறது என்று.

ஆசான் இல்லை. ஆனால் அவர் குரல் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தது. கேசட் நாடாக்களில் பூஞ்சை ஏற ஆரம்பித்திருந்தது. யாராவது பொறுமையாகக் கேட்டு எழுதிப் புத்தகமாக்கவில்லை என்றால் அந்தக் குரலும் போய்விடும்.

"நான் செய்றேன்," என்றார் ஏகாம்பரம். யாரும் உத்தரவு போடாமல், ஆசைப்பட்டு, அவராகக் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அவர் வாழ்க்கையிலேயே அது ஒன்றுதான்.

இப்போது மடத்தைப் பார்த்துக்கொள்பவர் பூதலிங்க சாமி. ஆசானின் கடைசிச் சீடர். நாற்பதைத் தாண்டாதவர். சாமியாவதற்கு முன்னால் பஸ் கண்டக்டராக இருந்தார். ஏகாம்பரத்துக்கு மகன் வயது என்பதால் அவரை 'அண்ணாச்சி' என்று கூப்பிடுவார். ஏகாம்பரம் இவரைச் 'சாமி' என்பார். இதில் யார் குரு, யார் சீடன் என்று வெளியாள் குழம்பலாம். அவர்கள் இருவருக்கும் அந்தக் குழப்பம் இல்லை.

ஏகாம்பரம் விடிந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால்தான் எழுவார். மடத்தில் இருந்தது ஒரு பழைய மர நாற்காலி. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் உட்காருகிற மாதிரி, முதுகு நெட்டுக்குத்தாக.

முதலில் இடுப்பில் பிடிப்பு என்றார். பிறகு வாயு என்றார். தைலத்துக்கும் கேட்கவில்லை, ஒத்தடத்துக்கும் கேட்கவில்லை. ஒரு நாள் வலி இடுப்பிலிருந்து கிளம்பிக் கால் பெருவிரல் வரை சுரீரென்று இழுத்தபோது ஆஸ்பத்திரிக்குப் போனார்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"முதுகெலும்புல ஒரு தட்டு கொஞ்சம் பிதுங்கி நிக்கி. இப்போ பயப்படதுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா இப்பிடியே போனா ஆபரேசன்ல கொண்டு விட்டுரும். பொங்கல் கழிஞ்சு வாங்க. அதுக்குள்ள கொறையலன்னா அந்த டைப் அடிக்க வேலைய விட்டுரணும். மக கூட போயி ஓய்வா இருங்க."

"விடாம இருக்க வழி இல்லையா டாக்டர்?"

"நல்ல நாற்காலி ஒண்ணு வாங்குங்க."

டாக்டர் அதற்கு மேலும் இரண்டு மூன்று விஷயம் சொன்னார். ஏகாம்பரத்தின் மனதில் நாற்காலி மட்டும் நின்றது. பெட்டியில் பாதிக் கேசட்கூட முடியவில்லை. அதை விட்டுவிட்டுச் சென்னையில் மகள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து டிவி பார்ப்பதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மடத்துக்கு வந்ததும் நேரே சாமியின் அறை வாசலில் போய் நின்றார்.

"சாமி, ஒரு கேள்வி."

"கேளுங்க அண்ணாச்சி."

"நாள் முழுக்க மேசையில வேலை செய்றவனுக்கு எந்த நாற்காலி நல்ல நாற்காலி?"

சாமிக்குச் சிரிப்பு வந்தது. இதுவரை அவரிடம் மாயை பற்றிக் கேட்டிருக்கிறார்கள், மறுபிறவி பற்றிக் கேட்டிருக்கிறார்கள். நாற்காலி பற்றி யாரும் கேட்டதில்லை.

"இருங்க," என்றார் சாமி. அதற்குள் தொழுவத்தில் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட, அவரும் பின்னால் ஓடினார்.

ஏகாம்பரம் நின்றார்.

அது அவருக்குக் கஷ்டமான காரியமில்லை. அலுவலகத்தில் மேலாளர் அறைக்குள் கோப்போடு நுழைந்தால் அவர் தலை நிமிராமல் 'இருங்க' என்பார். இருங்க என்றால் நிற்க வேண்டும். அவர் போன் பேசி முடிக்கும் வரை, காபி குடித்து முடிக்கும் வரை, அப்படியே நிற்க வேண்டும். அந்தப் பயிற்சி எலும்புக்குள் இறங்கியிருந்தது.

பசுவைக் கட்டிவிட்டு, கை கால் கழுவி, சாமி திரும்பி வந்தார். ஏகாம்பரம் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னும் நிக்கியளா?"

"நீங்கதானே சாமி இருங்கன்னு சொன்னீங்க."

சாமி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"சொன்னேன். செரி. நாற்காலி எத்தன வகை இருக்கு?"

"எக்கச்சக்கமா இருக்கு சாமி."

"மூணு கொண்டாரச் சொல்லுங்க. இருந்து பாத்தாத்தான் தெரியும்."

ஆகா, ஒரு பொருளோடு கொஞ்ச நாள் இருந்து பார்த்தால்தான் அதன் குணம் தெரியும் என்கிறார் என்று ஏகாம்பரம் எடுத்துக்கொண்டார். ஆழமான பேச்சாகப் பட்டது.

மகள் மேகலா சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். நாற்காலி என்று வாயைத் திறந்ததுதான் தாமதம், போனில் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, பாதம் ரெண்டும் தரையில படியணும். தொங்கக் கூடாது. முழங்கை மேசை மட்டத்துக்கு வரணும். ஸ்கிரீன் கண்ணுக்கு நேரா இருக்கணும், குனியவே கூடாது. முக்கியமா இடுப்புக்குப் பின்னால தாங்கணும். அது இல்லாத நாற்காலி எவ்ளோ அழகா இருந்தாலும் வேணாம்."

"சரிம்மா."

"சரி சரின்னுட்டு பழைய மர நாற்காலியிலயே உக்காந்துடாதீங்க."

நாகர்கோவிலில் ஒரு கடையில் பேசி ஏற்பாடு செய்தாள். மூன்றைக் கொண்டுவந்து போடுவார்கள். உட்கார்ந்து பார்த்துவிட்டு, பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பலாம். ஒரு சின்ன லோடு வண்டியில் மூன்றும் வந்து இறங்கின. சாமியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒன்றைத் தலையில் தூக்கி வந்தார்.

முதல் நாற்காலி கறுப்பு ரெக்சின் போட்டது. முதலாளிகள் உட்காருகிற வகை. உட்கார்ந்தால் மெத்தென்று உள்ளே வாங்கிக்கொண்டது. சுகமென்றால் அப்படி ஒரு சுகம். ஆசான் விழிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, ஏகாம்பரம் குறட்டை விட்டுத் தூங்கினார். எழுந்தபோது இடுப்பு மரத்துப்போயிருந்தது.

இரண்டாவதில் முதுகுப் பக்கம் ஒரு புடைப்பு இருந்தது. அதுதான் இடுப்பைத் தாங்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அது தாங்கவில்லை, தள்ளியது. பஸ்ஸில் பின்னால் நிற்பவர் முழங்கையால் இடித்துக்கொண்டே வருகிற மாதிரி. போதாக்குறைக்கு அடியில் நாலைந்து நெம்புகோல். தெரியாமல் ஒன்றை இழுத்தார். நாற்காலி உஸ்ஸென்று இறங்கி, அவர் மோவாய் மேசை விளிம்புக்கு வந்து நின்றது.

மூன்றாவதுக்கு வலை முதுகு. காற்று போகும். இடுப்பில் தாங்குகிற பட்டையை மேலே கீழே நகர்த்திக்கொள்ளலாம். உட்காரும் இடம் கெட்டியாகவும் இல்லை, குழையவும் இல்லை. பாதம் தரையில் படிந்தது. முழங்கை மேசையில் படிந்தது. கம்ப்யூட்டருக்கு அடியில் பழைய பஞ்சாங்கக் கட்டுகளை அடுக்கித் திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தினார். மகள் சொன்னது எல்லாம் பொருந்தி வந்தது.

இப்படி ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி வேலை செய்த நாட்களில் அவருக்கு ஒரே ஒரு தொந்தரவு. அது சாமி.

கேசட்டில் ஆசானின் குரல் எழுந்தால் போதும், சாமி எங்கே இருந்தாலும் வந்துவிடுவார். தோட்டத்துக் கை மண்ணோடு வருவார். பாதிச் சவரத்தில் வருவார். ஆசான் குரலைக் கேட்டால் அவருக்குக் கால் தரிக்காது. அவர் உள்ளே வந்ததும் ஏகாம்பரம் கேசட்டை ஓடவிட்டுவிட்டு எழுந்து நிற்பார். மேலதிகாரி வந்தாலே எழுந்து நின்றவர், குரு வந்தால் உட்கார்ந்திருப்பாரா?

"இருங்க, இருங்க," என்பார் சாமி.

ஏகாம்பரம் நிற்பார்.

சாமி காலியாகக் கிடக்கும் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். ஆசான் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லி முடிக்கும் வரை கேட்பார். சில சமயம் அவர் கன்னத்தில் கண்ணீர் வழியும். பிறகு எழுந்து போய்விடுவார். ஏகாம்பரம் உட்கார்ந்து, விட்ட இடத்தைத் தேடிப் பிடித்துத் தட்டச்சு செய்வார். இன்னும் நாலு கேள்வி தாண்டுவதற்குள் செருப்புச் சத்தம் கேட்கும்.

அவருக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான். குருவாயிற்றே என்று வெளியில் காட்டவில்லை. தன் பொறுமையைச் சோதிக்கிறார் என்று நினைத்தார். ஏதோ பாடம் நடக்கிறது, தனக்குத்தான் இன்னும் பிடிபடவில்லை.

ஒரு நாள் காலையில் குளிக்கப் போன இடத்தில் சோப்பு கைநழுவி விழுந்தது. குனிந்து எடுத்தார். நிமிர்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது, குனிந்தால் 'அம்மா' என்று கத்த வேண்டுமே என்று. சோப்பை வேண்டுமென்றே மறுபடி கீழே போட்டு மறுபடி எடுத்தார். வலி இல்லை. ஈரத் துண்டோடு கிணற்றடியில் நின்று சிரித்தார்.

"மூணாவது நாற்காலிதான் சாமி," என்றார் அன்றைக்கு. "கண்டுபிடிச்சுட்டேன்."

"நல்லதாப் போச்சு அண்ணாச்சி."

மற்ற இரண்டும் கடைக்குத் திரும்பிப் போயின. மேகலாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "நான்தான் சொன்னேனே," என்று போனில் பலமுறை சொன்னாள்.

மார்கழி பிறந்ததும் சாமி திருவனந்தபுரம் பக்கம் போனார். அங்கே ஆசானுக்கு அன்பர்கள் உண்டு. பத்துப் பதினைந்து நாளில் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஏகாம்பரம் அவரை வழியனுப்பிவிட்டு, கொஞ்சம் வெட்கத்தோடுதான், சந்தோஷப்பட்டார். இனி இடையில் வர ஆள் இல்லை. ஒரே மூச்சில் வேலையை முடித்துவிடலாம். நல்ல நாற்காலியும் கிடைத்தாயிற்று. காலையில் உட்கார்ந்தால் சோற்றுக்குத்தான் எழுந்தார். சோறு தின்ற கையோடு மறுபடி உட்கார்ந்தார். கேசட் மளமளவென்று முடிந்தது.

வாரம் தாண்டவில்லை, வலி வந்துவிட்டது. பழைய வலி இல்லை, அதன் அண்ணன். செருப்பு மாட்டுவதற்கே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

நாற்காலி கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக் கவிழ்த்துப் போட்டுத் திருகாணிகளைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. பட்டையை ஒரு பிடி ஏற்றினார், ஒரு பிடி இறக்கினார். தலையணை வைத்தார். எடுத்தார். மேகலா வேறு ஏதோ விலை கூடிய நாற்காலியின் படத்தை அனுப்பினாள்.

பல வருஷம் விபத்துக்குக் காரணம் எழுதிப் பழகிய மூளை சும்மா இருக்குமா? அவர் யோசித்தார். அதே நாற்காலி, அதே மேசை, அதே வேலை. மாறியது என்ன? சாமி இருந்தார், வலி இல்லை. சாமி இல்லை, வலி வந்தது.

அப்படியென்றால் நாற்காலி இல்லை. சாமியின் அருள்.

இந்த முடிவுக்கு வந்ததும் அவருக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்த நிமிஷமே துக்கமும் வந்தது. அருள் திருவனந்தபுரத்தில் இருக்கிறது. டாக்டர் சொன்ன பொங்கல் கிட்டத்தில் இருக்கிறது. பெட்டியின் அடியில் இன்னும் கேசட்டுகள் கிடக்கின்றன. துணிமணிகளைப் பையில் எடுத்து வைத்தார். கேசட் பெட்டியை மூடும்போது அவருக்கு அழுகை வந்துவிட்டது.

சாமி திரும்பி வந்த அன்று ஏகாம்பரம் தட்டுத்தடுமாறி அறையை விட்டு வெளியே வந்தார். காலில் விழப் போனார். பாதி வரை போய், மேலேயும் வர முடியாமல் கீழேயும் போக முடியாமல் அப்படியே நின்றுவிட்டார். சாமிதான் தோளைப் பிடித்து நிமிர்த்தி உள்ளே கூட்டிவந்தார்.

"என்ன அண்ணாச்சி இது? இருங்க, மொதல்ல இருங்க."

ஏகாம்பரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வேர்த்துவிட்டது.

"ரொம்ப வலிக்கா?"

"உயிர் போவுது சாமி."

"பெறவு இருக்க வேண்டியதுதான?"

"இருக்கேனே சாமி."

"எங்க இருக்கிய? நிக்கிய."

"நீங்க இருங்கன்னீங்க. அதான் நிக்கறேன்."

சாமி அவரையே பார்த்தார். பிறகு நாற்காலியைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, உங்க ஊர்ல இருங்கன்னா என்ன?"

"இருங்கன்னா... இருங்கதான். பொறுங்க, வரேன்னு அர்த்தம்."

"எங்க ஊர்ல இருங்கன்னா," என்றபடி சாமி போய் வலை நாற்காலியில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக் காட்டினார். "இதாக்கும்."



"உட்காரச் சொன்னீங்களா?" என்றார் ஏகாம்பரம் மெதுவாக. "முதல் நாள்லேர்ந்தா?"

"மொத நாள்ல இருந்து. தொண்ட வறளச் சொன்னேன். நான் வரும்போதெல்லாம் நீங்க எழும்பி நிக்கிய. இருங்கன்னா இன்னும் வெறச்சு நிக்கிய. வடக்க உள்ள ஆளுங்களுக்கு மரியாத கூடுதல்னு நெனச்சு விட்டுட்டேன்."

"நான் பாடம்னு நினைச்சேன் சாமி."

"என்ன பாடம்?"

"அதுதான் புரியலை."

சாமிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஏகாம்பரமும் சிரித்தார். சிரித்தால் இடுப்பில் குத்தியது. குத்தக் குத்தச் சிரிப்பு வந்தது. மாதக் கணக்கில் குருவின் சோதனை என்று நினைத்துக்கொண்டு தூணாக நின்றிருக்கிறார்.

"நான் பஸ்ஸுல நின்னு நின்னே இடுப்பு போனவன்," என்றார் சாமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அதனாலதான் நிக்க ஆளக் கண்டா வாய் சும்மா இருக்காது. இருங்க இருங்கன்னுதான் வரும்." பிறகு ஏதோ நினைத்தவராகக் கேட்டார். "நான் ஊருக்குப் போன பெறவு ஒரு நாளைக்கு எத்தன மட்டம் எழும்பினிய?"

"எதுக்கு சாமி எழுந்திருக்கணும்? நீங்கதான் வரலையே."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. இடுப்பைக் காத்தது நாற்காலியும் இல்லை, அருளும் இல்லை, இடையிடையே எழுந்து நின்றதுதான்.

சாமி எழுந்தார். மேசையிலிருந்த டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அறையின் மறுகோடிக்குப் போனார். அங்கே ஒரு இரும்பு அலமாரி, நெஞ்சு உயரத்துக்கு. அதன் மேல் வைத்தார். ஒயரை இழுத்துச் சுவரில் சொருகினார்.

"கேக்கணும்னா இங்க வாங்க. எழுதணும்னா அங்க போங்க."

"ஒவ்வொரு பதிலுக்கும் எழுந்து வரணுமே சாமி."

"ஆமா. வரணும்."

முதல் சில நாள் எரிச்சலாகத்தான் இருந்தது. அலமாரி ஓரம் நின்று ஆசானின் ஒரு பதிலைக் கேட்பார். நிறுத்திவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்து தட்டச்சு செய்வார். ஒரு சொல் விட்டுப்போயிருந்தால் மறுபடி எழுந்து போக வேண்டும். போகப் போக ஒரு விஷயம் கவனித்தார். நின்று கேட்டதில் சொல் அவ்வளவாக விட்டுப்போகவில்லை. உட்கார்ந்து எழுதும்போது நாற்காலியும் இதமாக இருந்தது. பையில் எடுத்து வைத்த துணி ஒவ்வொன்றாகக் கொடிக்குத் திரும்பியது.

பொங்கல் கழிந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் படுக்கவைத்துக் காலைத் தூக்கினார், மடக்கினார், இடுப்பில் விரலை வைத்து அழுத்தினார்.

"வலிக்கா?"

"இல்ல."

"இங்க?"

"அங்கேயும் இல்ல டாக்டர்."

"அருமையா கொறஞ்சிருக்கு. வேலைய விட வேண்டாம். தாராளமா செய்யுங்க." டாக்டர் கை கழுவிக்கொண்டே கேட்டார். "எந்த நாற்காலி வாங்கினிய? தெனம் நாலு பேரு எங்கிட்ட கேக்கான்."

"வலை முதுகு வச்சது," என்றார் ஏகாம்பரம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் இருந்தது. அவருக்கு உட்காரத் தோன்றவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, வயல்களைப் பார்த்துக்கொண்டு நின்றபடியே வந்தார். மகள் வீட்டு சோபா தப்பித்தது, நாமும் தப்பித்தோம் என்று நினைத்தார். கண் கலங்கியது. காற்று முகத்தில் அடித்ததால் துடைக்க வேண்டியிருக்கவில்லை.

சாமி தொழுவத்தில் பசுவுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தார். ஏகாம்பரம் செய்தியைச் சொன்னார். சாமி வாளியை வைத்துவிட்டு ஈரக் கையோடு அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"நிம்மதியாச்சு அண்ணாச்சி. எனக்கும் ஆசான் கொரல் பாதியில நின்னு போயிருமோன்னு ஒரு பயம் இருந்துச்சு."

"ஒரே ஒரு குறை சாமி."

"என்ன?"

"குரு சொன்ன ஒரு வார்த்தையைக்கூட நான் கேக்கலை. நீங்க உட்காரச் சொன்னீங்க. நான் நின்னேன். இத்தனை நாளும் உங்க பேச்சை மீறிக்கிட்டே இருந்திருக்கேன்."

சாமி தவிட்டுக் கையை வேட்டியில் துடைத்தார்.

"நீங்க கேக்கல அண்ணாச்சி," என்றார். "நின்னதுக்கு இடுப்பு கேட்டிருக்கு."